சிவக்கொழுந்து அம்மையாரின் கூடை

ரொறன்ரோ நகரில், பனி வழுக்கும் தெருவொன்றில் கோயில் கொண்ட பிள்ளையாருக்கு அண்டா கழுவும் தொண்டு செய்துவந்தார் சிவக்கொழுந்து அம்மையார். போர் துரத்தக் கடல் கடந்து, ஏதிலியாய் வந்தவர். கரி பிடித்த அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்தபடி அவர் பாடும் பாட்டு மடைப்பள்ளியெங்கும் எதிரொலிக்கும். அவருடைய பூசை அதுதான்.

வந்த புதிதில் யாரோ நீட்டிய பொட்டலத்தை வாங்கியபோது தம் கை கூசியதை அவர் மறக்கவில்லை. ஆகவே கோயிலின் நிலவறையில் உணவு வங்கி ஒன்று திறந்து, அடைக்கலம் தேடி வந்த எந்த நாட்டாருக்கும் அரிசி பருப்பு வழங்கினார். பொட்டலம் கட்டித் தருவதில்லை. வருபவர் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, அலமாரித் தட்டுகளில் வேண்டியதைத் தாமே தெரிந்தெடுக்கச் சொல்வார். ஒருவராவது அப்படி எடுத்துச் செல்லும்வரை அவர் வாயில் ஒரு பருக்கை படாது.

ஊர் சும்மா இருக்குமா? அறங்காவலர் தலைவர் குலநாயகம் ஒருநாள் படியிறங்கி வந்து சிரித்தார்.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லுப் பிடிச்சுப் பாக்கிறதோ, கொழுந்தக்கா? சும்மா குடுக்கிற அரிசிக்குக் கூடை வேறயோ?”

“நீட்டின கையில விழுந்தா அது பிச்சை, தம்பி. தானே பாத்து எடுத்தா அது வீட்டுச் சாமான்.”

தலைவருக்கு அது உறைக்கவில்லை. பிற நாட்டாருக்கு ஏன் என்ற முணுமுணுப்பு எழுந்து, பொருள் கொடுப்பவர்களும் குறைந்தார்கள். தட்டுகள் வெறுமையாகும் அன்றே அறையைப் பூட்டி, சுவாமி வாகனங்களை அங்கே வைக்கப்போவதாகத் தலைவர் சொல்லிவிட்டார்.

மாசியில் ஒருநாள் பெரும்பனி கொட்டியது. எரித்திரியாவிலிருந்து புதிதாக வந்த ஒரு தாய், இடுப்பில் குழந்தையோடு அந்தப் பனியிலும் வந்து நின்றார். தட்டில் இருந்ததோ ஒரேயொரு பருப்புப் பை. சாவிக்கொத்துடன் தலைவரும் வந்துவிட்டார்.

“அதைத் தூக்கிக் குடுத்து அனுப்புங்கோ அக்கா. பூட்டுவம்.”

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார். “பிள்ளையாரப்பா, ஒண்டை வைச்சுக்கொண்டு எதைத் தெரிஞ்செடுக்கச் சொல்லுறது? இன்னும் ஒண்டு தா. ஒண்டே ஒண்டு.”

படியில் காலடிச் சத்தம் கேட்டது. முன்பு கூடையேந்திப் போனவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்! இப்போது ரொட்டிக்கடை வைத்திருக்கும் சிரியாக்காரர் யூசுப் சூடான ரொட்டிகளுடன் வந்தார். கொங்கோவிலிருந்து வந்து தாதியாகிவிட்ட கிரேஸ் வள்ளிக்கிழங்கு மூட்டையுடன் வந்தார். பின்னால் இன்னும் பலர். தட்டுகள் நிறைந்து, தரையிலும் மூட்டைகள் அடுக்கப்பட்டன.

“ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று தலைவர் திகைத்தார். தொந்தி பெருத்த ஒருவர், கொட்டும் பனியில் வெறும் சால்வையோடு வீடு வீடாக வந்து சொன்னாராம். ஒரு பல் உடைந்திருந்ததாம். போகுமுன் இனிப்பு உண்டா என்று கேட்டு வாங்கித் தின்றாராம்.

வந்துபோனவர் மேலே கருவறையில் இருப்பவரே என்று குலநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. “அக்கா!” என்று விம்மிக் காலில் விழப்போனார். அம்மையார் கண்ணீரும் சிரிப்புமாகத் தடுத்தார்.

“பிறகு விழலாம் தம்பி. பிள்ளை பசியோட நிக்குது. கூடையை எடுத்துக் குடுங்கோ.”

தலைவர் தம் கையாலேயே கொடுத்தார். அந்தத் தாய் ரொட்டியை எடுத்து முகர்ந்தார், வைத்தார், கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மறுபடி ரொட்டிக்கு வந்தார். அவசரமே படவில்லை. அதைக் கண்டு நிலவறையே சிரித்து மகிழ்ந்தது.

பனியில் பிள்ளையாரையே வீடு வீடாக நடக்கவைத்த, அண்டா கழுவிய அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.