மணப்பாட்டுப் பாரை

செலஸ்டினாவிடம் தூண்டில் படிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் தாணுலிங்கம். வாத்தியாரம்மாவை விட அவருக்கு இருபது வயது கூடுதல்.

செலஸ்டினா மணப்பாட்டுக்காரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க ஆசைப்படுகிற டாக்டர், வக்கீல், பேங்க் ஆட்கள் எல்லாம் சனி ஞாயிறு அவள் பின்னால்தான் பாறைக்குப் போவார்கள். எங்கள் ஊர்க்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, கரையில் நின்று பாரை மீன் பிடிக்க அவளைப் போல இன்னொரு ஆள் இந்தப் பக்கம் கிடையாது. அவளையே கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள். அடக்கம் கிடக்கம் எல்லாம் அவளிடம் கிடையாது.

தாணுலிங்கம் பக்கத்து உடன்குடிக்காரர். கப்பல் இன்ஜினியராகப் போனவர். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் முப்பது வருசம் இருந்துவிட்டு ஓய்வுக்கு ஊர் திரும்பியிருந்தார். அங்கேயும் லீவு கிடைத்தால் கடற்கரைதான். நாலு சட்டை, அதற்கு மேல் ரப்பர் கோட்டு, கம்பளிக் குல்லா. விரல் மரத்துப் போகிற குளிரில் நின்று காட் மீன் பிடிப்பார். அளப்பார், போட்டோ எடுப்பார், திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்.

"நான் விட்ட மீன் ஒண்ணுகூடச் செத்ததில்ல" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவார். ஒருத்தருக்கு வீடு பெருமை, ஒருத்தருக்குப் பிள்ளைகள் பெருமை. இவருக்கு இது.

வந்த அன்றைக்கே கேட்டார்.

"வாத்தியாரம்மா, குளிர்ந்த கடல்ல மீன் பிடிக்கது பெருசா, நம்ம சூட்டுக் கடல்ல பிடிக்கது பெருசா?"

"எதுக்குக் கேக்கிய?"

"அங்க இயன்னு ஒரு சேக்காளி. அவங்க கடலுக்கு ஈடே கிடையாதும்பான். எங்க ஊர்ப் பாரையைப் பாத்துட்டுப் பேசுலேன்னு சவால் விட்டுட்டு வந்திருக்கேன். அளந்து, போட்டோ எடுத்து, உயிரோட விட்டாத்தான் எங்களுக்குள்ள செல்லும்."

"முதல்ல ஒரு பாரையைப் பிடிங்க. பெறவு பேசுவோம்."

"சரி. வேற ஏதும் உண்டா?"

"ஒண்ணு உண்டு. எங்கிட்டப் படிக்கவங்க விட்ட மீன் செத்துட்டா, அதை அவங்களே தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள நடக்கணும். கேட்டவங்ககிட்ட உள்ளதைச் சொல்லணும். வீட்டுக்குக் கொண்டு போய் அவங்களே ஆக்கித் திங்கணும்."

தாணுலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அது நமக்குத் தேவைப்படாதும்மா."

"நல்லது" என்றாள் அவள்.

முதல் மாதம் முழுக்க அவருக்கு ஒரு பாரையும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்றால் கடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கடித்தது. கடித்த கையோடு பாறை இடுக்கைப் பார்த்து ஒரே ஓட்டம். தூண்டில் நரம்பு பாறையில் உரசி அறுந்து, மீனும் போய், இரைக்குப் பதிலாக மாட்ட அபர்டீனில் வாங்கிய பொய் மீன்களும் ஒவ்வொன்றாகப் போயின. மனிதர் அசந்து போனார்.

"அங்க நீங்க எப்படிப் பிடிப்பிய?" என்று கேட்டாள் செலஸ்டினா. குளிர்க்கடலைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அவளுக்கு நிஜமாகவே ஆசை.

"விரல்ல உணர்ச்சி இருக்காது. அதனால தூண்டில் கம்பு நுனியில ஒரு சின்ன மணியைக் கட்டி, கம்பை நட்டு வச்சிட்டு, பிளாஸ்க்குல காப்பி குடிச்சிக்கிட்டு நிப்போம். மணி அடிச்சா மீன். எடுத்து நரம்பைச் சுத்த வேண்டியதுதான். நனைஞ்ச சாக்கு கணக்கா கனமா வரும்."

"இங்க மணி கட்டினா?"

தாணுலிங்கம் யோசித்தார். "மணியும் போகும், கம்பும் போகும்."

செலஸ்டினா சிரித்துவிட்டாள். "அங்க மீன் வாற வரைக்கும் வேலை. இங்க வந்த பெறவுதான் வேலை. காலை அகட்டி நில்லுங்க. இடுப்பைக் குடுங்க. கையால இழுக்காதிய."

மே மாதம் ஒரு காலையில் அவருக்குப் பாரை கிடைத்தது. கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் கிளம்பவில்லை. கடல் தண்ணீர் கஞ்சித்தண்ணியாக வெதுவெதுத்துக் கிடந்தது. அப்போதே பாறையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

மீன் அவரை விட்டேனா பார் என்று அலைக்கழித்தது. அவரும் விடவில்லை. கத்தினார், கெஞ்சினார், ஆங்கிலத்தில் திட்டினார், தமிழில் அதைவிட மோசமாகத் திட்டினார். கடைசியில் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு வந்து சேர்ந்தது. வெள்ளித் தாம்பாளம்தான்.

"இயன், பாருலே!" என்று கடலைப் பார்த்துக் கூவினார்.

அப்புறம் முப்பது வருசப் பழக்கம் தானாக வேலை செய்தது. வாளியில் தண்ணீர் மொண்டு பாறையை நனைத்தார். மீனைக் கிடத்தினார். டேப்பை எடுத்து அளந்தார். போனை வாத்தியாரம்மாவிடம் நீட்டினார்.

அவள் ஒன்று எடுத்தாள். "போதும் அண்ணாச்சி. விடுங்க."

"ஒரு நிமிசம். மறுபக்கம்."

எடுத்தாள். "விடுங்க."

"நெஞ்சோட அணைச்சு ஒண்ணு. முகம் தெரியட்டும்."

அதையும் எடுத்தாள். பிறகு அவர் மீனைப் பதமாகத் தண்ணீரில் இறக்கிவிட்டார். அபர்டீனில் அப்படி இறக்கினால் மீன் வாலை ஒரு சுண்டு சுண்டிவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். இது போகவில்லை. சாய்ந்தது. வயிறு மேலே வந்தது. அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டது.

தாணுலிங்கம் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளிவிட்டார். திரும்ப வந்தது. இன்னும் ஆழத்துக்குப் போய்த் தள்ளினார். மறுபடியும் வந்தது.

"அங்க செஞ்ச மாதிரியேதானே செஞ்சேன்?" என்றார். "என்ன தப்பு பண்ணினேன்? சொல்லுங்க."

செலஸ்டினா விசிலை எடுத்து ஊதினாள்.

"மேட்டுக் கோயில் வரைக்கும் ஓடுங்க."

"என்னது?"

"ஓட முடியலன்னா வேகமா நடங்க. போயிட்டு வாங்க."

சுடுமணலில் மேடேறி, கோயிலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வந்து நிற்கும்போது மனிதருக்குத் தஸ் புஸ் என்று இளைத்தது.

"இப்ப வாயை மூடுங்க. மூக்கைப் பிடிங்க. நான் போட்டோ எடுக்கணும்."

விளையாட்டென்று நினைத்து மூக்கைப் பிடித்தார். அவள் போனைத் தூக்கினாள். இறக்கினாள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள்.

"கொஞ்சம் திரும்புங்க. ம். மறுபக்கம் ஒண்ணு எடுத்துக்கிடுவோம்."

அவர் முகம் கறுத்துவிட்டது. கையை எடுத்துவிட்டு ஆவென்று வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்தார்.

"முகம் தெரிய ஒண்ணு பாக்கி இருக்கே" என்றாள் செலஸ்டினா.

மூச்சு வந்ததும் சொன்னார்.

"பாய்லருக்குப் போற தண்ணியைச் சூடாக்கித்தான் அனுப்புவோம். சூடாக்கினா அதுல கரைஞ்சிருக்க காத்து வெளிய போயிரும். ஆயுசு பூரா அதைத்தான் பாத்தேன். சூட்டுத் தண்ணில காத்து கம்மின்னு எனக்கே தெரியும் வாத்தியாரம்மா. காத்து கம்மியான தண்ணில ஓட விட்டு, களைச்சுப் போனதை வெளிய தூக்கி வச்சு மூணு போட்டோ கேட்டிருக்கேன்."

"மீனைத் தூக்குங்க" என்றாள் அவள்.

தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தார். அதுவரை அவரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை. அன்றைக்கு வீட்டு வாசல்தோறும் ஆள்.

"ஏயப்பா! அண்ணாச்சி அடிச்சிட்டாருய்யா!"

"இல்ல" என்றார் தாணுலிங்கம். "கடல்ல விட்டேன். செத்துப் போச்சு."

"செத்ததுக்கு என்ன அண்ணாச்சி? செத்தாத்தானே கொழம்பு!"

தெருவே சிரித்தது. மீன்காரி லூர்தம்மா மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "விடுததுக்கா பிடிச்சிய? வெயில்ல மண்டை கிண்டை கலங்கிப் போச்சா?" என்று கேட்டாள். அவளுக்கும் உள்ளதைத்தான் சொன்னார். வாழ்நாளில் அவருக்கு அவ்வளவு பாராட்டு ஒரே நாளில் கிடைத்ததில்லை. ஒவ்வொன்றும் அவரைக் கூசவைத்தது.

வீட்டில் தானே ஆய்ந்து, தானே குழம்பு வைத்துச் சாப்பிட்டார். ருசியாக இருந்தது. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறு வாரம் கம்பும் பெட்டியுமாக வந்து செலஸ்டினா வீட்டு வாசலில் நின்றார்.

"இதை யாராவது படிக்க வாறவங்களுக்குக் குடுத்துருங்க. நான் இனி தொடல."

"இயனுக்குப் போட்டோ அனுப்பினியளா?"

"எப்படி அனுப்ப? உயிரோட விட்டாத்தான் செல்லும். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே." பெட்டியைக் கீழே வைத்தார். "அது கிடக்கட்டும். முப்பது வருசமா ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டிருந்தேன். இனி எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்ல?"

செலஸ்டினா பெட்டியைத் திறந்தாள். குறட்டை எடுத்து, தூண்டில் முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை நசுக்கி மழுக்கினாள். மீன் வாயிலிருந்து சட்டென்று கழன்று வருவதற்கு. இன்னொரு முள்ளையும் குறட்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க மழுக்குங்க."

"நான்தான் சொல்லுதேனே..."

"அண்ணாச்சி, எங்கிட்டப் படிச்ச ஆளு ஒரு பிணத்தோட படிப்பை முடிச்சாருன்னு எனக்குப் பேரு வேண்டாம். எனக்கும் பெருமை இருக்கு. மழுக்குங்க."

அவர் மழுக்கினார்.

மெல்லிய நரம்பை உருவிவிட்டுத் தடித்த நரம்பு சுற்றினார்கள். மீனைச் சுருக்காகக் கரை சேர்க்க அதுதான் தோது. பாறையின் உச்சியை விட்டு, தண்ணீருக்குள் இறங்கி நிற்கத் தோதான பள்ளத்தில் நின்றார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். பல நாள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கச்சான் வீச ஆரம்பித்த ஒரு சாயங்காலம் வந்தது, இரண்டாவது பாரை. முதலாவது இதற்குத் தம்பி என்று சொல்லலாம். அவ்வளவு பெரியது. தாணுலிங்கம் இந்தத் தடவை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பைக் கொடுத்து நின்றார். அது பாறை இடுக்குக்குத் திரும்பிய ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி வெளியே கொண்டுவந்தார். செலஸ்டினா ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர ஒன்றும் இருக்கவில்லை.

மீன் பக்கத்தில் வந்ததும் கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். குறட்டால் முள்ளைக் கழற்றினார். ஒரு கையால் வாலடியைப் பிடித்து, மறு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து, தலையை அலை வருகிற பக்கம் திருப்பி வைத்தார். மீன் அசையவில்லை. செவுள் மட்டும் லேசாகத் திறந்து மூடியது.

செலஸ்டினா பாறை மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்கவா? ஒரு தூக்குத் தூக்குங்க. ஒரு நொடிதான்."

"தண்ணியை விட்டு எடுக்க மாட்டேன்."

"அளக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"இயன்?"

"அவன் கிடக்கான்!"

அலை அவரைப் பாறையில் மோதியது. முழங்காலைச் சிப்பி கிழித்தது. கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. புதுத் தண்ணீர் வரும்போதெல்லாம் மீனை அதற்கு நேராக வைத்துக்கொண்டு, "இழு, இழு, நல்லா இழு" என்று மூச்சு சொல்லிக்கொடுத்தார். சாய்ந்த தலையை நிமிர்த்தினார். அது மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். வெயில் இறங்கியது. அவர் பிடியை விடவில்லை.

கடைசியில் வாலடி அவர் கைக்குள் இறுகியது. செவுள் அகலமாகத் திறந்தது. ஒரே அடி. தாணுலிங்கம் முகத்தில் அறை வாங்கி மல்லாந்து தண்ணீருக்குள் விழுந்தார். எழுந்து பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லை. வயிறு மேலே வருகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு அலை அலையாகத் தேடினார். வரவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கறுத்த முதுகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆழத்துக்குப் போவதைச் செலஸ்டினா கையை நீட்டிக் காட்டினாள்.

"போச்சு!" என்று கத்தினார் தாணுலிங்கம். "எம் மீனு போச்சு! பாத்தியளா, எப்படிப் போச்சு பாத்தியளா!"

பாறையேறி வந்து உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம். அவர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும், பட்டம் கட்டின மாதிரி.

"வாத்தியாரம்மா, அங்க எத்தனையோ மீனை விட்டிருக்கேன். ஒண்ணுக்கும் எனக்கு நெஞ்சு இப்படி நிமிரல. இன்னைக்கு எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்ல. ஆனா ஊரைக் கூட்டிச் சொல்லணும்போல இருக்கு. இது ஏன்?"

செலஸ்டினா நரம்பைச் சுற்றி முடித்தாள். கம்பை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அங்க மீனைப் பொழைக்க வச்சது தண்ணி, அண்ணாச்சி. இங்க பொழைக்க வச்சது நீங்க."