இலை போட்ட நேரத்து ஆட்டம்

மணப்பாறைச் சதுரங்கக் கழகத்துக்கும் துவரங்குறிச்சிக் கழகத்துக்கும் வருஷா வருஷம் தை மாதத்தில் போட்டி நடக்கும். வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் அதில் உண்டு. சாப்பாட்டுக்கு இலை விரித்ததும் நடுவர் அருளப்பன் கூடத்து வாசலில் நின்று, "இலை போட்டாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்த நொடியே எல்லாக் கடிகாரமும் நிற்க வேண்டும். காய்கள் இருந்தது இருந்தபடி இருக்கும். சோறு ஆறக் கூடாது, அவர்களுக்கு அதுதான் முதல் சட்டம்.

சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும்வரை யாரிடம் வேண்டுமானாலும் யோசனை கேட்கலாம். இப்போதெல்லாம் எல்லோரும் கேட்பது ஃபோனிடம்தான். அதில் செஸ் எஞ்சின் இருக்கிறது. நின்றுபோன நிலையை அப்படியே அடுக்கிக் காட்டினால், யார் ஜெயிப்பார், எப்படி ஜெயிப்பார் என்று சொல்லிவிடும். மணி அடித்த பிறகு ஆடுகிறவர்களும் நடுவரும் மட்டும் உள்ளே போவார்கள். ஃபோனும் மற்றவர்களும் வாசலோடு சரி.

அந்த வருஷம் இலை போட்டபோது ஒரே ஒரு பலகைதான் முடியாமல் நின்றது. மற்றதெல்லாம் முடிந்து இரண்டு ஊரும் சமமாக இருந்தன. முடியாத பலகை மணப்பாறை மருந்துக்கடை கோதண்டத்தினுடையது.

கோதண்டத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆட்டம் படித்தது பிலோமினாவிடம். பிலோமினாவுக்கு அவரில் பாதி வயசுதான் இருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கழகத்துக்குள் நுழைந்தால் கோதண்டத்துக்கு அவர் மிஸ், மிஸ்ஸுக்கு இவர் அண்ணே.

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கோதண்டம் தோற்றுத்தான் கோப்பை துவரங்குறிச்சிக்குப் போயிற்று. "இந்தத் தடவையும் கவுத்துட்டீங்கன்னா, அடுத்த வருஷம் பந்தி பரிமாற வந்துருங்கண்ணே, பலகை வேணாம்" என்று கழகத் தலைவர் காலையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு சிரிப்புதான். சொன்னது சொன்னதுதான்.

பந்தியில் உட்கார்ந்ததும் கோதண்டம் இடது கையால் ஃபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வலது கை சோற்றைப் பிசைய, இடது கை காய்களை ஒவ்வொன்றாக அடுக்கியது. கடைசிச் சிப்பாயை வைத்ததும் எஞ்சின் பதில் சொன்னது. யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் ஓரத்துப் பட்டை பால் பொங்கின மாதிரி அடியிலிருந்து நுனிவரை வெள்ளையாக ஏறிவிட்டது. மூன்று நகர்த்தலில் மேட், கறுப்பு ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

கோதண்டம் ஆடியது கறுப்பு.

அவருக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. காய்களைக் கலைத்து மறுபடி அடுக்கினார். மறுபடியும் பட்டை பொங்கியது. எதிரே ஆடிய துவரங்குறிச்சி சிராஜ் வாத்தியாரின் ராணி கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது அவருக்கு நினைவிருந்தது. அது வந்து நின்ற தோரணையே சரியில்லை என்று அப்போதே தோன்றியது. ஆக, அது சரிதான்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பார் வாளியோடு வந்தவர் அவர் காதருகே குனிந்தார். சிராஜ் வாத்தியார் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். எதற்கு இழுத்துக்கொண்டு, சமன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டாராம்.

சமன் ஆனால் கோப்பை வைத்திருப்பவர்களிடமே தங்கிவிடும். அது கோதண்டத்துக்குத் தெரியும். ஆனால் தோற்றவர் என்ற பேர் வராது. அடுத்த வருஷம் பலகை போகாது. சரி என்று சொல்ல வாயெடுத்தவர், பக்கத்து இலையைப் பார்த்தார். அங்கே பிலோமினா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டிருந்தார்.

கோதண்டம் ஃபோனைச் சாய்த்துக் காட்டினார். மிஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தார்.

"சிராஜ் வாத்தியார் கையிலயும் ஃபோன் இருக்குல்ல அண்ணே?"

"இருக்கு மிஸ். அங்க பாருங்க, அவரும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்காரு."

"மூணு நகர்த்தல்ல ஜெயிக்கிறவரு எதுக்கு சமன் கேட்கிறாரு?"

கோதண்டம் யோசித்தார். "நல்ல மனுஷன் மிஸ்."

"நல்ல மனுஷன்தான்" என்றார் பிலோமினா. ரசத்தைக் கொஞ்சம் கூடவே ஊற்றச் சொன்னார். சாம்பார்க்காரரிடம் மட்டும், அண்ணன் பாயாசம் குடித்துவிட்டுச் சொல்வார் என்று சொல்லி அனுப்பினார்.

பாயாசம் வந்தது. கோதண்டம் அதைத் தொடவில்லை. மிஸ் தன்னுடையதைக் குடித்து, அவருடையதையும் வாங்கிக் குடித்துவிட்டு, கை கழுவி, வராந்தாவில் ஒரு பழைய பலகையை விரித்தார்.

"அடுக்குங்கண்ணே. நான் வெள்ளை. நீங்க கறுப்பு."

அவர் அடுக்கினார். அவசரத்தில் ஒரு யானை சாய்ந்து உருண்டது, எடுத்து நிறுத்தினார். எல்லாம் வைத்ததும் பிலோமினா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கோதண்டம் காத்திருந்தார். அந்த ராணி எப்போது கிளம்பும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் எச்சில் இலைகளை அள்ளும் சத்தம் கேட்டது. மணி எப்போது வேண்டுமானாலும் அடித்துவிடும். மிஸ் அசையவில்லை.

"மிஸ், போடுங்க."

பிலோமினா கோத்த கையைப் பிரிக்கவில்லை.

"ராணி இங்க வரும். நான் யானையைக் குறுக்க வைப்பேன். நீங்க அதை வெட்டுவீங்க. அடுத்தது மேட். எனக்கு மனப்பாடமா தெரியும் மிஸ்."

"ஆமா. வந்தா மேட்தான்."

"அப்பப் போட வேண்டியதுதானே? இப்படி உட்கார வச்சா எனக்கு உசிரு போகுது."

"நான் எப்படிண்ணே போடுறது?"

தன்னைப் பார்த்துப் பாவப்படுகிறார் என்றுதான் கோதண்டம் நினைத்தார். பழையபடி ராணியையே பார்த்தார். வெயில் வராந்தாவில் ஏறி அவர் முழங்காலைத் தொட்டது. மிஸ் அப்படியே இருந்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அந்த ராணி வந்து நின்ற நொடி கண்ணில் வந்தது. சிராஜ் வாத்தியார் அதை வைத்தார். கடிகாரத்தைத் தட்டினார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கோதண்டத்தின் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் வாசலிலிருந்து இலை போட்டாச்சு என்று குரல் வந்தது.

அவர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். காய்கள் எல்லாம் சரியாக இருந்தன. அடியில் யார் நகர்த்த வேண்டும் என்ற இடத்தில் வெள்ளை என்று இருந்தது. புதிதாக அடுக்கினால் அது தானாக வெள்ளை என்றுதான் நிற்கும். மாற்ற வேண்டும். அவர் மாற்றவில்லை. இரண்டு தடவையும் மாற்றவில்லை.

"என் முறை" என்றார் மெதுவாக.

பிலோமினா தலையை அசைத்தார்.

கோதண்டத்தின் கட்டை விரல் அந்த எழுத்தை மாற்றப் போனது. அதற்குள் மணி அடித்துவிட்டது. விரல் பாதியில் நின்றது. ஃபோனை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். கதவு தாண்டும்போது சாம்பார்க்காரர் எதிர்ப்பட்டு, என்ன சொல்லட்டும் என்று கேட்டார். ஆடுறேன்னு சொல்லுங்க என்றார் கோதண்டம். சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது.

உள்ளே பலகை இருந்தது இருந்தபடி இருந்தது. அருளப்பன் அவருடைய கடிகாரத்தை ஓடவிட்டார். சிராஜ் வாத்தியார் குனிந்து, சமன் வேண்டாமா என்று இன்னொரு முறை கேட்டார். கோதண்டம் காதில் வாங்கவில்லை. அந்த ராணியை விட்டுவிட்டு மற்ற காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. அவருடைய குதிரை ஒன்று காலையிலிருந்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

குதிரையைத் தூக்கி ராஜாவுக்குச் செக் வைத்தார்.

வெள்ளை ராஜா மூலைக்கு ஒதுங்கும் என்று நினைத்தார். அது ஒதுங்காமல் முன்னால் வந்தது. வாசல் பக்கம் திரும்பினார். கூட்டத்துக்குப் பின்னால் பிலோமினாவின் தலை தெரியவில்லை. திரும்பவும் பலகையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு யானையை இறக்கினார்.

சிராஜ் வாத்தியார் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவை மெல்லச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினார்.

கோப்பையைத் தலைவர் தூக்கிக்கொண்டு போனார். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த பிலோமினாவின் எதிரே வந்து கோதண்டம் உட்கார்ந்தார்.

"மிஸ், உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ரசம் ஊத்தும்போதே."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிஸ்? அந்தப் பாயாசத்தையாவது குடிச்சிருப்பேன்."

பிலோமினா ஃபோனை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மணி அடிச்சா இது மட்டுமா அண்ணே வெளிய நிக்குது? நானும்தானே நிக்கிறேன்."