ஐம்பது எம்எம் லென்ஸும் கோமதியக்காவும்

"டீச்சர், எனக்கு ஒரு வைட் லென்ஸ் வாங்கணும்" என்றார் ஆறுமுகநயினார்.

டீச்சர் என்றது ஜெசிந்தாவை. பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். தபால் ஆபீஸ் குமாஸ்தாவான நயினார் அவளைவிட இருபது வயது மூத்தவர், அவளுடைய மாணவர்.

"இருக்கிற லென்ஸுக்கு என்ன சார்?"

"அது ஐம்பது எம்எம். நம்ம கேமராவுல சென்சார் சின்னது. அதனால எல்லாத்தையும் கிட்ட இழுத்துக் காட்டுது. மக நிச்சயதார்த்தத்துல ஓரத்துல நின்னவங்க படத்துக்குள்ள வரவே இல்ல."

படம் சரியில்லை என்றால் லென்ஸைக் குறை சொல்வது அந்த வகுப்பில் எல்லாருக்கும் உள்ள வியாதி. ஜெசிந்தா சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கினாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

பாதியில் சிரிப்பு நின்றது.

"உங்கள அம்மா ஸ்தானத்துல வளத்தாங்கன்னு சொல்வீங்களே, கோமதியக்கா. அவங்களக் காணோமே."

"வந்திருந்தா. ஓரத்துல நின்னா. படத்துல வரல. கொஞ்சம் தள்ளி நில்லுக்கான்னேன்."

"நின்னாங்களா?"

"அடுக்களைக்குப் போயிட்டா."

நயினார் லென்ஸ் மூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் கல்யாணம். நான் வரலப்பா, நல்லபடியா நடத்துன்னு போன்ல சொல்லிட்டா. கோவமாக் கூடச் சொல்லல. அதான் வைட் லென்ஸ் இருந்தா..."

அக்காவின் கணவர் இறந்து ஆறு வருஷம். அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியம்மா அக்காவின் நெற்றியைப் பார்த்து முகம் சுளித்ததை நயினார் கவனித்தார். அதற்கப்புறம்தான் கேமராவைத் தூக்கினார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஜெசிந்தா எழுந்தாள்.

"அந்தச் சுவரோரம் போய் நில்லுங்க சார். ரெண்டு கையையும் நல்லா விரிங்க."

நயினார் விரித்தார்.

அவருடைய கேமராவிலேயே, அதே லென்ஸில், அவள் பார்த்தாள். ஒரு எட்டு பின்னால் போனாள். இன்னொரு எட்டு. முதுகு கண்ணாடிக் கதவில் இடித்தது.

"கை வரல" என்றாள்.

நயினார் சட்டென்று கையை மடக்கிக்கொண்டார்.

"நான் மடக்கச் சொல்லலையே சார்."

மறுபடி விரித்தார். முகம் சிவந்துவிட்டது.

ஜெசிந்தா முதுகாலேயே கதவைத் தள்ளினாள். படியிறங்கித் தெருவில் போய் நின்றாள். உச்சி வெயில். ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, வைதுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அவள் அசையாமல் நின்று ஒரு படம் எடுத்தாள்.

உள்ளே வந்து காட்டினாள். திறந்த கதவுக்குள் நயினார் முழுசாக நின்றார், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை.

"வைட் லென்ஸ் எங்கிட்டயே இருக்கு. இரவல் தாரேன். வேணுமா சார்?"

நயினார் கேமராவை வாங்கி அந்தப் படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்க வீட்டு வாசக்கதவு பூட்டியா இருந்துச்சு?"

"இல்ல டீச்சர்."

படத்திலிருந்து கண்ணை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"தெறந்துதான் கெடந்துச்சு. காலைல வாசல்ல கோலம் போட்டதே அக்காதான்."