சந்தியாகு நின்ற இடம்

"சாமி, உபவாசமா, மௌன தியானமா, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு மலை ஆசிரமத்துல போய் உட்கார்ந்திடறதா? கடவுள்கிட்ட போக எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க."

கேட்டவர் சந்தியாகு. வயசு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

பதில் சொல்ல வேண்டிய பங்குச் சாமியாருக்கு முப்பத்தொண்ணு. ஊருக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. அவரைத்தான் இவர் குருவாகப் பிடித்துக்கொண்டார். பழைய சாமியார் இவரைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாராம்.

"இப்ப என்னென்ன செய்யறீங்க?"

"தவக்காலம் நாப்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பாடு. விடியக்காலைல செபமாலை. வெள்ளிக்கிழமை முழங்கால்லயே சிலுவைப்பாதை."

"அப்புறம் என்ன குறை?"

"கண்ணை மூடினா கடவுள் வரமாட்டேங்கிறார் சாமி. சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது நிம்மதியா கும்பிடணும்."

"கண்ணை மூடினா வேற யார் வர்றாங்க?"



யாரென்று ஊருக்கே தெரியும். மகள் பிரகாசி. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். பையனும் இதே கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். இருந்து என்ன? "எனக்கு மகளே இல்லை" என்று அன்றைக்குக் கத்திய மனுஷன், இன்றுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"சரி, அது கிடக்கட்டும்," என்றார் சாமியார். "ஈஸ்டருக்கு முன்னாடி வீடு வீடாப் போய் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கணும். உங்க மகள் வீடு எங்க இருக்கு?"

"அதுவா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போயி, மாவு மில்லைத் தாண்டினா ஒரு டிரான்ஸ்பார்மர். அதுக்கு நேர் எதிர் வீடு. பச்சைக் கதவு. கீழ்க் கீல் ஆடுது, பார்த்துத் திறக்கணும். காலைல போனா வேலைக்குப் போயிருப்பா. சனிக்கிழமை போங்க. நாய் ஒண்ணு குரைக்கும், கடிக்காது. அவ பாப்பாவுக்கு இருமல். அப்பவும் வாசல்ல தண்ணில ஆடிக்கிட்டே இருக்கு, யாராவது சொன்னாத்தானே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சாமியார் சிரிக்கவில்லை. "எங்க நின்னு பார்ப்பீங்க?"

"டிரான்ஸ்பார்மர்கிட்ட."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

சாமியார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

டிரான்ஸ்பார்மர் வந்ததும் சந்தியாகு நின்றுவிட்டார்.

"நீங்க போய் மந்திரிச்சுட்டு வாங்க சாமி. நான் இங்கேயே நிக்கறேன்."

"தீர்த்தம் எடுத்துட்டு வரலையே நான்!" சாமியார் கையை விரித்துக் காட்டினார். பக்கத்துக் கடையில் சாவகாசமாக ஒரு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இருபதடி ரோடு. அதைத் தாண்ட சந்தியாகுவுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள். சாமியார் ரெண்டாவது டீயே குடித்துவிட்டார்.

பச்சைக் கதவு திறந்திருந்தது. வாசலில் பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வேணும்?"



உள்ளேயிருந்து பிரகாசி கேட்டாள். "யாரு பாப்பா?"

"அவங்கதாம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிப்பாங்கல்ல, அவங்க. அழுவுறாங்க."



பிறகு பிரகாசியின் குரல் மட்டும் அவசர அவசரமாக வந்தது.

"கையைப் பிடிச்சுக்கோடி. நான் வர்ற வரைக்கும் விட்டுடாதே. விட்டா திரும்பிப் போயிடுவார்."