தரை ஏழு

டாக்டர் ரெஜினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அவரிடம் கத்தி பிடிக்கக் கற்றவர் தணிகாசலம். பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறார். தலையும் பாதி நரைத்துவிட்டது.

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் கட்டில் நாற்பது. மீதிப் பேர் பாயில். அவர்களுக்கும் எண் வேண்டுமே என்று தரை ஒன்று, தரை இரண்டு என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் அந்த வார்டில் வேலை பார்க்கவில்லை.

அன்று மேலிடத்து ஆய்வுக் குழு வருகிறது. தரை காலியாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு. காலையில் வந்த ரெஜினா, பளபளவென்று துடைத்த தரையைப் பார்த்தார்.

“பதினோரு பேரும் எங்க?”

“டிஸ்சார்ஜ் பண்ணிட்டேன் மேடம்.”

“தரை ஏழு?”

லோடுமேன் உச்சிமாகாளி. வயிற்றில் ஆபரேஷன் செய்து நாலு நாள்தான் ஆகிறது.

“தையல் நல்லா இருந்தது மேடம்.”

“காய்ச்சல்?”

“நேத்து சாயங்காலம் நூறு.”

ரெஜினாவின் முகம் சிவந்தது. தணிகாசலத்துக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தரையில ஆள் கிடந்தா கோபப்படுறீங்க. தரை காலியா இருந்தாலும் கோபப்படுறீங்க. உங்களுக்கு என்னதான் மேடம் வேணும்?”

அவர் பதில் சொல்வதற்குள் குழு உள்ளே நுழைந்துவிட்டது. அதிகாரி ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இடம் தாராளமா இருக்கே. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கூடுதல் கட்டில் கேட்டு எழுதுறீங்க?”

தணிகாசலம் தான் காலி செய்த தரையைப் பார்த்தார்.

ரெஜினா மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்து ஜன்னலோரம் விரித்தார். வெள்ளைக் கோட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன டாக்டர் இது?”

“தரை ஏழு சார். ஆள் எதிர்ல பஸ் ஸ்டாண்டுல இருப்பார். அவர் ஊருக்குப் பதினோரு மணிக்குத்தான் பஸ். தணிகாசலம், போய்க் கூட்டிட்டு வாங்க.”

தணிகாசலம் ஓடினார். பஸ் ஸ்டாண்டிலும் உச்சிமாகாளி தரையில்தான் படுத்திருந்தார். உடம்பு கொதித்தது. கட்டுத்துணியில் சீழ் கசிந்திருந்தது.

“வீட்டுக்குப் போலாம்னீங்களே டாக்டரய்யா. குணமாயிருச்சுன்னு நெனச்சேன்.”

தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது தணிகாசலத்துக்கு. ஸ்ட்ரெச்சர் வரவழைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

ரெஜினா பாயைவிட்டு அசையவில்லை. அதிகாரி வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையிலிருந்த படிவத்தில் ‘தரையில் நோயாளிகள்: இல்லை’ என்று முன்கூட்டியே டைப் அடித்திருந்தது.

“காயத்தைத் திரும்பத் திறக்கணும் மேடம். தியேட்டர் ரெடியாகுற வரைக்கும் எங்க படுக்க வைக்கிறது? ஒரு கட்டில்கூட காலி இல்ல.”

ரெஜினா எழுந்து பாயைத் தட்டிவிட்டார்.

“இங்கதான். இடம் பிடிச்சு வச்சிருக்கேன்.”

பிறகு அதிகாரியிடம், “இப்ப எழுதுங்க சார்” என்றார்.

அதிகாரி பேனாவைத் திறக்கவில்லை. “ஒரே ஒருத்தர்தானே டாக்டர்.”

“மீதிப் பத்துப் பேர் வந்துட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டு ரெஜினா தியேட்டருக்கு நடந்தார்.

 தணிகாசலம் இன்னொரு பாயை எடுத்துப் பக்கத்தில் விரித்து, தரை எட்டில் உட்கார்ந்தார்.