வாடாத கீரை

அந்தக் காலத்தில் கீரை வாடாது. வேரோடு பிடுங்கினாலும் சரி, கிள்ளி எடுத்தாலும் சரி, கட்டாகக் கட்டிக் கூடையில் போட்டுவிட்டால் போட்டபடியே பச்சையாகக் கிடக்கும். மாசியில் பறித்ததைச் சித்திரையில் சமைப்பார்கள். மனிதர், மிருகம், பறவை, செடி எல்லாம் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. கூடைக்குள் கிடந்தபடியே கீரை போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கும்.

காய்ந்த ஓடைக்கரையில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதன் அடியில் செவ்வாய்தோறும் சந்தை கூடும். காலையில் புறப்பட்டு வந்து, கொடுத்து, வாங்கி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப முடிகிறவர்கள்தான் அங்கே கடை போடுவார்கள். முள்ளம்பன்றி கிழங்கு கொண்டுவரும். தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து தினையைக் கொட்டிவிட்டு, அளப்பது யார் என்று தங்களுக்குள்ளேயே சண்டை போடும். முயல் ஓடைக்கு அந்தப் பக்கம் பாத்தி கட்டிக் கீரை போட்டிருந்தது. இந்தப் பக்கம் காத்தாயி என்கிற பெண் கீரை போட்டிருந்தாள்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம். விலையை வாய்விட்டுக் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஒரு கட்டுக் கீரைக்கு இத்தனை கிழங்கு என்றால் அது ஓடைக்கு அப்பால் கேட்க வேண்டும். யாரிடம் எது மிச்சம், யார் வீட்டில் எது இல்லை என்பதெல்லாம் அந்தக் கூச்சலிலேயே தெரிந்துவிடும். ஒருத்தரே எல்லாவற்றையும் வாரப் பார்த்தால், "கொஞ்சம் வச்சிட்டுப் போப்பா, புள்ளைக்காரங்க வருவாங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வரும். வாரினவர் வெட்கப்பட்டுப் பாதியைத் திரும்ப வைத்துவிட்டுப் போவார்.

காத்தாயிக்கு ஒரு பெண் குழந்தை. பெயர் சின்னாயி. தகப்பன் இல்லை. பிறந்ததிலிருந்தே குச்சி மாதிரி இருந்தாள். எதைக் கொடுத்தாலும் வயிற்றில் தங்காது. கீரையை மசித்து, சாற்றைப் பிழிந்து, கஞ்சியில் கலந்து ஊற்றினால் மட்டும் தங்கும். அந்தக் கஞ்சியில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வந்தால் கூடையோரம் உட்கார்ந்து கீரையோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"என்னைத்தான் இன்னிக்குத் திங்கப் போறியா?" என்று கீரை கேட்கும்.

"ஆமா."

"வலிக்காம தின்னு."

சின்னாயி சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். காத்தாயி கூடையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போதும் பேச்சு" என்பாள்.

குளத்தில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் தூரதேசத்திலிருந்து செங்கால் நாரைகள் வரும். மீன் பிடிக்கும், தண்ணீர் வற்றினதும் திரும்பிப் போகும். ஒரு வருஷம், திரும்பிப் போகிற நேரத்தில், ஒரு நாரை சந்தைக்கு வந்தது. கால்களை மெல்லத் தூக்கி வைத்து ஒவ்வொரு கடையாகப் பார்த்தது. காத்தாயியின் கடைமுன் வந்து நின்றது.

"கீரை என்ன விலை?"

காத்தாயி கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

"அடடா, கத்தாதீங்க. எங்க பக்கத்துல விலையைக் கத்திச் சொன்னா மரியாதைக் குறைச்சல். இந்தச் சிறகுக்குள்ள கையை விடுங்க. விரலைத் தொட்டுப் பேசிக்கலாம். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

காத்தாயிக்கு அதுவரை யாரும் அப்படி மரியாதையாகப் பேசியதில்லை. கையை விட்டாள். சிறகுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. நாரை அவள் காதருகே அலகைக் கொண்டுவந்து சொன்னது:

"இந்தக் கூடையில இருக்கிறதும் பாத்தியில இருக்கிறதும், கீரை முழுசும் வேணும். வேரோட. விதைக்கு விட்ட தண்டையும் சேர்த்துத்தான். பதிலுக்கு ஒரு கூடை பேரீச்சம்பழம். எங்க ஊர்ப் பழம். இதைத் தின்ன புள்ளை கன்னம் உப்பி ஓடித் திரியும். ஒரு கூடைதான் மிச்சம் இருக்கு. அதனாலதான் ரகசியமாச் சொல்றேன்."

காத்தாயி குழந்தையைப் பார்த்தாள். சின்னாயி கூடையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கஞ்சிக்கு என்ன செய்வது என்று நினைத்தாள். பிறகு, மடியில் எடுத்து வைத்த ஒரு கட்டு ஒரு வாரத்துக்கு வரும், முயலக்காவின் பாத்தியும் பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, அடுத்த செவ்வாய் அவளிடம் வாங்கிக்கொள்ளலாமே என்று நினைத்தாள். நாரையின் இறகை அழுத்திப் பிடித்துச் சம்மதம் சொன்னாள்.

எதிர்க்கடை முள்ளம்பன்றி இதைப் பார்த்துவிட்டது. "என்ன மதினி, நாரைக்கு நாடி பாக்குறீங்களா?"

"உங்க கிழங்கைப் பாருங்க கொழுந்தனாரே. எலி இழுத்துட்டுப் போகுது."

முள்ளம்பன்றி சிரித்தது. கொஞ்ச நேரத்தில் நாரை அந்தக் கடைமுன் போய் நின்றதையும், முள்ளம்பன்றி தன் காலைச் சிறகுக்குள் விட்டதையும் காத்தாயி பார்க்கவில்லை. அவள் பாத்தியைக் காலி செய்யப் போய்விட்டிருந்தாள். முயலிடமும் நாரை பேசியது. தவிட்டுக் குருவிகளிடமும் தனித்தனியாகப் பேசியது. எல்லோரிடமும் ஒரு கூடைதான் மிச்சம் என்றது. சந்தையில் அன்று கூச்சலே இல்லை. ஏதோ நல்ல நாள் போலிருக்கிறது என்று ஓடைக்கு அப்பால் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் நாரைக் கூட்டம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறந்து போனது.

அடுத்த செவ்வாய் எல்லோரும் சந்தைக்கு வந்தார்கள். ஆனால் யாரும் கூடையைத் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் துணியால் மூடிய கூடையோடு உட்கார்ந்து, மற்றவர்கள் கடை விரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் காத்தாயி எழுந்து முயலிடம் போனாள்.

"அக்கா, ஒரு கட்டுக் கீரை குடு. புள்ளைக்குக் கஞ்சிக்கு வேணும்."

"உங்கிட்ட வாங்கலாம்னுதானடி நான் வந்தேன்" என்றது முயல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முயல் தன் கூடையின் துணியை விலக்கியது. உள்ளே பேரீச்சம்பழம். முள்ளம்பன்றி தன் கூடையைத் திறந்தது. பேரீச்சம்பழம். தவிட்டுக் குருவிகளின் கூடைகளிலும் அதுதான். பழத்தில் ஈக்கள் வந்து மொய்த்தன.

"விலையைக் கத்தியிருந்தா..." என்று முள்ளம்பன்றி ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டது.

காத்தாயி வீட்டுக்கு ஓடினாள். பழத்தைப் பிசைந்து ஊட்டினாள். குழந்தை ஆசையாகத் தின்றது. தின்றதையெல்லாம் கக்கியது. வீட்டில் மிச்சமிருந்த தினையில் கஞ்சி காய்ச்சி வெறுமனே கொடுத்தாள். அதுவும் தங்கவில்லை. வேலியோரமெல்லாம் தேடினாள். சித்திரை வெயிலில் ஒரு புல்கூட இல்லை. மழை விழுந்தால்தான் காட்டுக்கீரை முளைக்கும். பாத்தியைக் கையால் கிளறிப் பார்த்தாள். வேரோடு கொடுத்த இடம் குழி குழியாக இருந்தது. முயல் தன் பொந்தைச் சுற்றியெல்லாம் மோந்து பார்த்துவிட்டு வந்து, "ஒரு இலை இருந்தாக்கூடக் கொண்டாந்திருப்பேன் தங்கச்சி" என்று சொல்லி, காதுகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது.

இலுப்பை மரத்துக் காக்கை சொன்னது: "கீரைதான் வாடாதே. எங்கே இருந்தாலும் அப்படியேதான் இருக்கும். நான் போய் ஒரு கட்டை வாங்கிட்டு வரேன். புள்ளையை அதுவரைக்கும் பார்த்துக்க."

காக்கைக்கு அவ்வளவு தூரம் பறந்து பழக்கமில்லை. இருந்தாலும் பறந்தது. வழியில் தெரியாத ஆறுகளையும் மணல்காடுகளையும் கடந்து நாரைகளின் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கீரையை யாரும் தின்னவில்லை. வாடாத பச்சையைக் கண்டு அதிசயப்பட்டு, வீட்டு வாசல்களில் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். காத்தாயியின் பாத்தியில் விளைந்த கட்டு ஒரு பெரிய மாளிகையின் நிலைவாசலில், நட்ட நடுவில் தொங்கியது.

"யாரு, நம்ம ஊர்க் காக்காவா?" என்று கீரை மேலிருந்து கூப்பிட்டது. "என்ன இப்படித் தூசியா வந்திருக்கே? பார்த்தியா நான் இருக்கிற இடத்தை! அங்கே இருந்தப்ப ஆஞ்சு, அரிஞ்சு, சட்டியில போடுவாங்க. இங்கே என்னைப் பார்க்கவே ஆள் வருது."

"சின்னாயிக்கு முடியலே. கஞ்சிக்கு நீ வேணும். வா, போகலாம்."

கீரைக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "அய்யோ, அந்தப் புள்ளையா? எங்கிட்டப் பேசிக்கிட்டே இருக்குமே. கட்டாயம் வரேன். ஆனா இங்கே திருவிழா நடக்குது. முடியுற வரைக்கும் இரு. நான் இல்லேன்னா வாசல் வெறிச்சுன்னு போயிடும்."

"இப்பவே வா."

"ஏன் பறக்குறே? நான் என்ன வாடவா போறேன்? இன்னிக்கு வந்தாலும் இதே பச்சைதான், திருவிழா முடிஞ்சு வந்தாலும் இதே பச்சைதான்."

"நீ வாட மாட்டே. புள்ளை?"

"புள்ளை எங்கே போயிடும்? வீட்டிலதானே இருக்கும்?" என்று கீரை கேட்டது.

அது ஏமாற்றவில்லை. அதற்கு உண்மையிலேயே தெரியாது. வாடாத ஒன்றுக்கு நேரம் போவது எப்படித் தெரியும்? காக்கை முடிச்சைக் கொத்தி அவிழ்க்கப் பார்த்தது. வாசல் காவல்காரன் கம்பை வீசி விரட்டினான். எதிர் மரத்தில் உட்கார்ந்து கரைந்தது. கீழே மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. விழா முடிந்து, தோரணங்களை அவிழ்த்துக் கீழே போட்டபிறகுதான் காக்கையால் அந்தக் கட்டைக் கௌவ முடிந்தது. வருகிற வழியெல்லாம் கீரை விழாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. காக்கை அலகை இறுக்கிக்கொண்டு பறந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது காலை நேரம். வாசலில் முயலும் முள்ளம்பன்றியும் நின்றிருந்தார்கள். காத்தாயி குழந்தையை மடியில் போட்டிருந்தாள். கட்டைப் பார்த்ததும் குழந்தையை முயலிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிடியைப் பிய்த்து எடுத்து ஓடினாள். கழுவினாள். அம்மியில் வைத்து நசுக்கினாள். பிழிந்தாள். கை முழுக்கப் பச்சை.

"சின்னாயி, வாயைத் திற தாயி. கீரை வந்திருச்சு பாரு."

சாறு உதட்டின் உள்ளே போனது. உள்ளேயே நின்றது. பிறகு கடைவாய் வழியாக வெளியே வந்து கன்னத்தில் வழிந்தது. காத்தாயி துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் வழிந்தது. விழுங்குகிற தெம்பு அந்தத் தொண்டையில் இல்லை.

"தண்ணி விடு தங்கச்சி" என்றது முயல், மெதுவாக.

காத்தாயி கிண்ணத்துத் தண்ணீரில் விரலை நனைத்து அந்த உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

பிய்த்தது போக முறத்தில் கிடந்த மிச்சக் கீரை பேசியது.

"ஏன் எழுந்திருக்க மாட்டேங்குது? நான்தான் வந்துட்டேனே."

காத்தாயி திரும்பிப் பார்த்தாள். பறித்த அன்று இருந்த அதே பச்சை. ஓர் இலை சுருங்கவில்லை.

"எம் புள்ளை வாடிப் போயிட்டா" என்றாள். "நீ மட்டும் எப்படி இன்னும் இப்படியே இருக்கே?"

அவள் சபிக்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். கீரை குழந்தையின் முகத்தைப் பார்த்தது. மூடாத கண்ணைப் பார்த்தது. கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த தன் சாற்றைப் பார்த்தது. இலை நுனி முதலில் தொங்கியது. பிறகு இலை. பிறகு தண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கட்டு முழுவதும் முறத்தில் துவண்டு படுத்தது. அதன் பிறகு அது பேசவில்லை.

காத்தாயியின் விரல் இன்னும் கிண்ணத்துக்குள்தான் இருந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு விட்டதுபோலவே கீரைமேல் தண்ணீரைத் தெளித்தாள். அது எழுந்திருக்கவில்லை. தெளித்துக்கொண்டே இருந்தாள். முள்ளம்பன்றி வந்து கிண்ணத்தை வாங்கப் பார்த்தது. அவள் கொடுக்கவில்லை.

அந்தக் கட்டில் விதைத் தண்டு ஒன்று இருந்தது. முயல் அதை எடுத்துப்போய் வைத்திருந்து, முதல் மழைக்கு விதைத்தது. கீரை முளைத்தது, ஆனால் வாடியது. தூரத்துக்குக் கொண்டுபோக நாரைகள் மறுபடியும் வந்து கேட்டு வாங்கிப் போயின. பாதி வழியிலேயே துவண்டு போனதைக் கண்டு கீழே கொட்டிவிட்டுப் போய்விட்டன. இலுப்பை மரத்தடியில் பழையபடி விலையைக் கத்த ஆரம்பித்தார்கள். தினை வந்தது, கிழங்கு வந்தது. எல்லோர் வயிறும் ஒருமாதிரி நிறைந்தது. காத்தாயியும் வந்தாள். முயல் கொடுத்த கீரையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூவ மாட்டாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் இருக்கும்.

அன்று முதல்தான் கீரை, பறித்த வெயில் சாய்வதற்குள் வாடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் விளைந்ததை, அன்றைக்கே ஆய்ந்து உலையில் போட வேண்டியிருக்கிறது. சந்தையில் கீரை விற்கிறவளும் அன்று முதல்தான், வாங்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும், விரலை நனைத்து நனைத்து அதன்மேல் தெளித்துக்கொண்டிருக்கிறாள். தெளித்தால் பிழைத்துவிடும் என்று அவளும் நினைப்பதில்லை.