மேட்டுச் சங்கத்தில் சேர்ந்த வெள்ளெலி

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. பேருந்தில் முன் இருக்கையில் ஓர் அம்மா தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பின் இருக்கையில் இருந்த என் காதிலும் விழுந்தது. ஹாரன் சத்தத்தில் விட்டுப்போன இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். அவற்றில் தவறு இருந்தால் அது என்னுடையது.

ஏரியை ஒட்டி ஒரு செம்மண் மேடு இருந்தது. அது ஒரு காட்டுப்பன்றிக்குச் சொந்தம். எலிகளும் அரணைகளும் முள்ளெலிகளும் அந்த மேட்டில் வளை தோண்டிக் குடியிருந்தன. வளை, தோண்டியவருக்குச் சொந்தம். வளையைச் சுற்றியிருக்கும் மண், பன்றிக்குச் சொந்தம். அதற்குக் குத்தகையாக, கிடைக்கும் இரையில் ஒரு பங்கை எல்லோரும் பன்றிக்குக் கொடுத்துவந்தார்கள்.

பன்றியிடம் பேசுவதற்கென்று ஒரு குடியிருப்போர் சங்கமும் இருந்தது. அதில் சேர ஒரே ஒரு தகுதி வேண்டும். பன்றியின் முன்னால் நின்று குரல் நடுங்காமல் பேச வேண்டும். அப்படிப் பேசக்கூடியவர்கள் மூன்று பேர்தான். ஆமை தலைவர், நத்தை செயலாளர், கீரி உறுப்பினர். கீரி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கரும்புத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டது. அதன் இடம் காலியானது.

மேட்டின் தெற்குச் சரிவில் ஒரு வெள்ளெலி குடியிருந்தது. அதன் வளைக்குள் இன்னும் கண் திறக்காத குட்டிகள் கிடந்தன. ஒருநாள் காலை, பக்கத்து வளை அரணை வாசலில் வந்து நின்றது.

"உங்கிட்ட ஏதோ சொல்ல வந்தேன். என்னது அது? ஆங், பன்றி ஐயாவுக்குப் புரள்றதுக்குச் சேறு வேணுமாம். மழை வந்ததும் ஏரித் தண்ணியை நம்ம சரிவுக்குள்ள வெட்டி விடப்போறாராம்."

வெள்ளெலி திடுக்கிட்டது. "நம்ம சரிவுக்குள்ளயா? சங்கம் என்ன சொல்லுச்சு?"

"சரின்னு சொல்லிட்டாங்களாம்."

"யாரைக் கேட்டுச் சொன்னாங்க?"

"அதைக் கேக்கத்தான் கிளம்பினேன். பாதி வழியில மறந்துபோச்சு. நீ ஒண்ணு பண்ணு. சங்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு, போய்ச் சேர்ந்துக்க."

"நானா? ஐயா இருமினாலே எனக்கு வால் விறைச்சுப்போகுது. நீங்க போகக்கூடாதா?"

"நான் போவேன். அங்க போய் நின்னதும் எதுக்கு வந்தேன்னு மறந்துடுவேன். உனக்கு மறக்காது. பயந்தவங்களுக்கு எதுவும் மறக்காது."

வெள்ளெலி ஆமையைத் தேடிப் போனது. ஆமையும் நத்தையும் ஒரு புதரடியில் பேசிக்கொண்டிருந்தன.

"அண்ணே, நான் சங்கத்துல சேரலாம்னு..."

"குரல் நடுங்குதே தங்கச்சி," என்றது ஆமை.

"நடுங்கும் அண்ணே. இருந்தாலும் சேர்ந்துக்கிறேன்."

ஆமை கொஞ்சம் தயங்கியது. வேறு யாரும் சேர வரவில்லை. "சரி, இரு," என்றது.

"பின்னாடி உக்காந்து தலையாட்டு, அது போதும். பேச்சை அண்ணன் பாத்துக்குவார்," என்றது நத்தை.

வெள்ளெலி சேற்றுக் குழியைப் பற்றிக் கேட்டது.

"ஆமா, சரின்னுதான் சொன்னோம்," என்றது ஆமை. "யாருக்காவது கஷ்டமான்னு ஐயா கேட்டார். ஒரு கஷ்டமும் இல்லை, இடம் சரிப்படலைன்னா அவங்கவங்க வீட்டை எடுத்துக்கிட்டு நகர்ந்துக்குவோம்னேன்."

"வீட்டை எப்படி அண்ணே எடுக்கிறது?"

ஆமைக்குக் கேள்வியே புரியவில்லை. "இப்படித்தான்," என்று எழுந்து கொஞ்ச தூரம் நடந்து காட்டியது. அதன் முதுகில் இருந்த ஓடும் கூடவே போனது.

வெள்ளெலி தன் வளையை நினைத்துப் பார்த்தது. மண்ணில் தோண்டிய ஓட்டையை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது?

அதன் முகம் வாடியதைக் கண்டு ஆமை இரங்கியது. ஆமை கெட்டதல்ல. "கவலைப்படாதே தங்கச்சி. சாயங்காலம் கூட்டம் இருக்கு. நான் பேசுற பேச்சில ஐயா ஆடிப்போயிடுவார், பாரு."

மாலையில் மேட்டு ஜனங்கள் எல்லோரும் கூடினார்கள். பன்றி வேலமரத்தடியில் படுத்திருந்தது. ஆமை முன்னால் வந்து கழுத்தை நீட்டியது.

"ஐயா! நாங்க இந்த மேட்டை நம்பிப் பிறக்கலை! எங்க சரிவுல தண்ணியை விட்டா, நாளைக்கே எல்லாரும் வேற மேடு பாத்துக்கிட்டுப் போயிடுவோம்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. அரணை எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது.

பன்றி சோம்பல் முறித்தது. "நல்லதாப் போச்சு. எப்போ கிளம்புறீங்க?"

ஆரவாரம் அடங்கியது. ஆமை திரும்பிப் பார்த்தது. தெற்குச் சரிவு ஜனங்கள் ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அது வந்து..." என்ற ஆமை, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நத்தை அதற்கு முன்பே உள்ளே போயிருந்தது. சங்கத்தில் இப்போது வெளியே தெரிந்த தலை ஒன்றே ஒன்றுதான்.

 வெள்ளெலி ஓரடி முன்னால் வந்தது.

"ஐயா, நாங்க போக... போக மாட்டோம்."

"என்னம்மா? காதுல விழலை."

"போக முடியாது ஐயா. மழைக்காலத்துல புது வளை தோண்டினா இடிஞ்சு விழும். என் குட்டிங்க இன்னும் கண் திறக்கலை."

"சொல்றதை நடுங்காமச் சொல்லேன்."

"வீடு போகப்போகுதே ஐயா, நடுங்காதா?"

பன்றி எழுந்து உட்கார்ந்தது. "யாருக்காவது கஷ்டமான்னு நான் கேட்டேனே! ஒருத்தருக்கும் இல்லைன்னாங்களே!"

"பதில் சொன்னவங்க வீடு அவங்க முதுகுல இருக்கு. எங்க வீடு உங்க மண்ணுக்குள்ள இருக்கு."

"அதுக்காக நான் சேறு இல்லாமக் காயணுமா? மண் என்னுது."

"உங்க மண்ணுதான். நான் இல்லைங்கலை. ஆனா நீங்க சாப்பிடுற வேர்க்கடலை இந்த மண்ணுல விளையலையே? அக்கரை வயல்லேர்ந்து நாங்க கொண்டுவர்றோம். நீங்க போனா நாய் துரத்தும். எங்களுக்கு வேலியில ஒரு சந்து போதும். எங்க சரிவு முழுகினா நாங்களும் முழுகிடுவோம். அப்புறம் குத்தகையை ஆமை அண்ணன்கிட்டதான் வாங்கணும். அவர் தர்றது புல்லு."

"காய்ஞ்ச புல்லு," என்றது கூட்டத்திலிருந்து அரணை.

"சில நாள் பூவும் உண்டு," என்று ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

பன்றி சிரித்துவிட்டது. பிறகு நெடுநேரம் தரையை முகர்ந்தபடி யோசித்தது. வேர்க்கடலை இல்லாத மேட்டைக் கற்பனை செய்து பார்த்ததோ என்னவோ.

"சரி. சரிவை விட்டுடறேன். அடிவாரத்துல குழி வெட்டிக்கிறேன். சம்மதமா?"

வெள்ளெலிக்கு உடனே 'சரி' என்று கத்தவேண்டும்போல இருந்தது. அதன் வளை மேலே இருந்தது. தண்ணீர் அங்கே எட்டாது. ஆனால் அடிவாரத்தை ஒட்டி முள்ளெலிகள் குடியிருந்தன.

"நான் ஒருத்தி சரின்னு சொல்ல முடியாது ஐயா. கீழே இருக்கிறவங்களைக் கேட்டுச் சொல்றேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சங்கத்தில் இருப்பவர் தங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னதை அவர்கள் இதுவரை கேட்டதில்லை.

வெள்ளெலி அங்கேயே முள்ளெலிகளிடம் போய்க் கேட்டது. முள்ளெலிகளுக்குப் பழைய இடத்தை விட மனம் வரவில்லை. கொஞ்சம் முணுமுணுத்தன. "மழைக்கு முன்னாடியே மேலே ஒரு இடம் கிடைச்சா நகர்ந்துக்கிறோம். ஆனா மேல்மண்ணு கல்லாட்டம் கெட்டி. எங்களால தனியாத் தோண்ட முடியாது," என்றன. வெள்ளெலி அதை அப்படியே பன்றியிடம் சொன்னது.

பன்றி உறுமியது. ஆனாலும் மறுநாள் காலை வந்து, தன் மூக்கால் மேல்மண்ணைக் கிளறிக்கொடுத்தது. எல்லோருமாகச் சேர்ந்து முள்ளெலிகளுக்குப் புது வளைகள் தோண்டினார்கள். வெள்ளெலியின் குட்டிகள் கண் திறக்கும்வரை பன்றி குழி வெட்டவில்லை. பிறகு மழை வந்தது. பன்றி அடிவாரத்துச் சேற்றில் புரண்டது. தெற்குச் சரிவுக்குள் ஏரித் தண்ணீர் வரவில்லை.

ஆமை வெள்ளெலியிடம் வந்தது. "தங்கச்சி, நான் தலைவர் பதவியை விட்டுடறேன்."

"எதுக்கு அண்ணே? உங்க குரல் நல்லா கணீர்னு இருக்கு. என்ன பேசணும்னு மட்டும் எங்களைக் கேட்டுட்டுப் பேசுங்க."

அதன்பிறகு சங்கத்தில் சேர யாருடைய குரலையும் சோதிப்பதில்லை. ஒவ்வொரு சரிவிலிருந்தும் ஒருவர் வந்தார். கூட்டம் நடக்கும்போது நடுங்கும் குரல்கள் நிறையக் கேட்டன. கூட்டம் முடிய நேரமும் ஆனது.

போக வேறு இடம் இருப்பவரின் துணிச்சலைவிட, போக இடமில்லாதவரின் நடுங்கும் குரலைத்தான் சபை முதலில் கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் பிறகு நூலகத்தில் சரிபார்த்தேன். ஆமையின் ஓடு அதன் முதுகெலும்போடும் விலா எலும்புகளோடும் ஒன்றாகச் சேர்ந்தது. ஆமையாலும் அதைக் கழற்றிவிட்டு வேறு ஓட்டுக்குக் குடிபோக முடியாது.